செபத்தின் பின்பாதி

தொலைபேசியில் செபமாலை சொல்லும் பழக்கத்தை மொன்றியலில் முதலில் தொடக்கியது யார் என்று கேட்டால் தமிழ்ப் பங்கில் பத்துப் பேராவது கை தூக்குவார்கள். யோசெப்பின் கை தூக்கமாட்டாள். மற்றவர்கள் கையை இறக்கும்வரை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் சுபாவம் அப்படி. மன்னாரிலிருந்து வந்த காலம் முதல் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. கீரைக்கட்டு அடுக்கி, லீக்ஸ் கழுவி, கை இரண்டும் சிவந்து காய்த்துப் போயிருக்கும். அவளுடைய பிரெஞ்சு மரக்கறிப் பெயர்களாலும் ஏச்சாலும் ஆனது. அதை வைத்தே முதலாளியையும் வாடிக்கையாளரையும் ஒரு பிடியில் வைத்திருந்தாள்.

வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் தம்பி கிறகரி விஷயத்தில் மட்டும் மெழுகாய் உருகிவிடுவாள். அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டவள் அவள். டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். மன்னாரில் பெண் பார்த்துச் சஜிதாவைக் கட்டிவைத்ததும் அவளே. யோசெப்பினுக்கும் அவள் கணவன் அருமைராசாவுக்கும் பிள்ளை இல்லை. கிறகரிக்கு மெலனி பிறந்தபோது, ஆசுப்பத்திரியில் பிள்ளையைத் தகப்பன் தூக்குமுன் தூக்கியவள் மாமிக்காரிதான். அந்தக் கோபம் சஜிதாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

எல்லாரும் பார்க்-எக்ஸ்டென்ஷனில் மேல்வீடு கீழ்வீடாக இருந்த காலத்தில் பின்னேரச் செபம் ஒன்றாகவே நடக்கும். பிறகு அருமைராசா நகரின் மேற்கு ஓரத்தில், ரொக்ஸ்பரோவில், வீடு வாங்கினார். போகமாட்டேன் என்று யோசெப்பின் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். கடைசியில் போகத்தான் வேண்டியிருந்தது. போன முதல் நாள் பின்னேரமே போனை எடுத்துத் தம்பி வீட்டுக்கு அடித்தாள். இங்கே திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு போன், அங்கே மாதா சுரூபத்துக்குக் கீழே ஒரு போன். அருள் நிறைந்த மந்திரத்தின் முன்பாதியை யோசெப்பின் சொல்வாள். பின்பாதியைச் சஜிதா சொல்வாள். எங்கள் ஆக்களுக்கு இது தெரிந்த முறைதான். ஒருவர் தொடங்க வேண்டும், மற்றவர் முடிக்க வேண்டும். முடிக்க ஆளில்லாவிட்டால் அது செபமாலை ஆகாது என்று யோசெப்பின் அடித்துச் சொல்வாள்.

மச்சாளும் மச்சாளும் முகம் பார்க்காத மாதங்கள் உண்டு. ஒரு முறை மெலனி முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மைச் சட்டைக்காகச் சண்டை பிடித்து, மழை விட்டும் தூவானம் விடாத மாதிரி ஆறுமாதம் இழுபட்டது. அந்த ஆறுமாதமும் பின்னேரம் போன் அடிக்கும். சஜிதா எடுப்பாள். எப்படி இருக்கிறீர், என்ன சமையல் என்ற ஒரு சொல் இராது. சிலுவை அடையாளத்தில் தொடங்கி, கடைசி ஆமெனோடு இரண்டு பக்கமும் போனை வைத்துவிடுவார்கள். கோபம் வேறு, செபம் வேறு.

கிறகரி இதில் சேரமாட்டான். வேலையில்லாத நாளில் வீட்டில் இருந்தாலும், மனைவி மெழுகுதிரி கொளுத்தியதும் சிகரெட்டை எடுத்துக்கொண்டு பின்படியால் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கைக்கு இறங்கிவிடுவான். செபம் முடிந்ததும் மேலே வருவான். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் எல்லாரும் என்றால், அங்கே சின்ன அறையில் வாடகைக்கு இருந்த டெனிஸ்டனுக்கும் தெரியும்.

டெனிஸ்டன் திருகோணமலைப் பெடியன். கிறகரியோடு அதே குசினியில் வேலை செய்தான். இருக்க இடமில்லை என்று கிறகரியே கூட்டிவந்தான். பணிவான ஆள். பங்கில் விழா என்றால் கதிரை அடுக்குவது அவன், முடிந்தபின் நிலம் கூட்டுவதும் அவன். சஜிதாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். வந்த முதல் பனிக்காலத்தில் அவன் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அருமைராசாவின் தடித்த கோட்டை எடுத்துக் கொடுத்தவள் யோசெப்பின். அந்தக் கோட்டை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வயிறு எரியும்.

2002இல் ஒரு நாள் சஜிதா தனியே ரொக்ஸ்பரோவுக்கு வந்து, கிறகரியோடு இனி இருக்க ஏலாது என்று அழுதாள். குடி, கைநீட்டல், எல்லாம் சொன்னாள். யோசெப்பின் தேத்தண்ணி கொடுத்து, முகம் கழுவச் சொல்லி, கோயிலில் கொடுத்த வாக்கை எங்கட ஆக்கள் திருப்பி எடுக்கிறதில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தாள். பிறகு சஜிதா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடங்கிவிட்டாள் என்று யோசெப்பின் நினைத்துக்கொண்டாள்.

2003 ஒக்ரோபரில், மாதாவுக்குரிய அந்த மாதத்தில், ஒரு திங்கட்கிழமைப் பின்னேரம். அருமைராசா பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பின்னேர வேலைக்குப் போயிருந்தார். யோசெப்பின் போன் அடித்தாள். எடுத்தது மெலனி. அப்போது அவளுக்கு எட்டு வயது.

"மாமி, அம்மா என்னைச் சொல்லச் சொன்னவ."

"உனக்கு முழுக்கத் தெரியுமோ?"

"ஓம். எல்லாம் தெரியும்."

யோசெப்பினுக்குப் பெரிய புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, விளையாட்டில் பிரெஞ்சு, கனவிலும் பிரெஞ்சாக இருக்கும் என்று அவள் கவலைப்பட்ட பிள்ளை, செபமாலையின் ஐந்து பத்து மணியையும் தமிழில் முடித்தது. ரகரம் வருகிற இடமெல்லாம் தொண்டைக்குள் கரகரத்து வந்தது. மரண நேரத்திலும் என்று சொல்லும்போது யோசெப்பினுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கெட்டிக்காரி என்றாள். கடைசியில் வரும் மாதா பிரார்த்தனை தொடங்கும் நேரத்துக்குச் சஜிதா வந்து போனை வாங்கினாள். மூச்சு வாங்கியது.

"குப்பை போடப் போனனான் மச்சாள். படி ஏறி வந்தது இளைக்குது."

"அதுக்கென்ன, பிள்ளை வடிவாச் சொன்னவள்," என்று யோசெப்பின் சொன்னாள். பிரார்த்தனையைச் சொல்லி முடித்தார்கள்.

அந்த நேரத்தில் கிறகரி ஒழுங்கையில் கராஜ் கதவுக்கு அருகே விழுந்து கிடந்தான். பின்னந்தலையில் அடித்து, பிறகு கத்தியால் குத்தியிருந்தார்கள். பணப்பையைக் காணவில்லை. வழிப்பறி என்றுதான் பொலிசும் முதலில் நினைத்தது.

அடுத்த நாள் பொலிஸ் வந்து ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள் என்று கேட்டது. யோசெப்பின் தலைவிரிகோலமாகக் கிடந்தாள். மருமகள் முறையில்லாவிட்டாலும் வீட்டுப் பெண், தம்பி பெண்சாதி. அவள் எங்கே நின்றாள் என்று அந்நிய ஆம்பிளை கேட்கிறான். செபநேரத்தில் பிள்ளையை இருத்திவிட்டு வெளியே போனவள் என்று எந்த வாயால் சொல்வது? அது அவர்கள் வீட்டு மானம். தவிர, அந்த வீட்டிலிருந்து பின்பாதி வந்தது. அப்படியென்றால் அந்த வீடு செபத்தில் நின்றது. யோசெப்பின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

"என்னோட செபத்தில நிண்டவ," என்றாள். "போனில. துவக்கத்திலயிருந்து முடியும்வரைக்கும்."

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். செத்தவீட்டன்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சஜிதா கறுப்புச் சேலையில் இருந்தாள். யோசெப்பின் அவளைக் கட்டிப்பிடித்து, இவ்வளவு காலச் சண்டையையும் மறந்து, ஒரு குரலில் அழுதாள். கதிரை அடுக்கியது டெனிஸ்டன். வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்ததும் அவன்தான்.

அடுத்த வருடம் பனி விழத் தொடங்கிய நேரம் டெனிஸ்டனை ரொறன்ரோவில் பிடித்தார்கள். குடித்துவிட்டு யாரோ ஒருவனிடம் வாய்விட்டிருக்கிறான். பொலிசுக்கு முன்னால் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அடித்தது நான், குத்தியது நான், நேரம் சொன்னது சஜிதா என்றான். அவள் பின்படியில் நின்று ஒழுங்கையில் ஆள் வருகிறதா என்று பார்த்தாளாம். கழுவ ஒரு போத்தல் தண்ணீரும் மாற்ற உடுப்பும் அவளே கொண்டுவந்தாளாம். பணப்பையை எடுக்கச் சொன்னதும் அவளாம். அரச தரப்போடு பேசி, குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகக் கையெழுத்து வைத்தான். சஜிதாவைக் கைதுசெய்தார்கள். மெலனியைச் சிறுவர் பாதுகாப்பு அலுவலகம் ரொக்ஸ்பரோவில் கொண்டுவந்து விட்டது.

பங்கு இரண்டாகப் பிரிந்தது. தன் தலையைக் காப்பாற்ற அவன் பெண்பிள்ளையை இழுக்கிறான் என்று பாதிப்பேர். நெருப்பில்லாமல் புகையுமோ என்று மீதிப்பேர். யோசெப்பின் ஒன்றும் பேசவில்லை. வாய்க்காரி வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து எல்லாரும் துக்கம் என்று நினைத்தார்கள். அவளுக்கு மட்டும்தான் தெரியும். கைது என்று கேட்ட அந்த நிமிடமே, குப்பை போடப் போனனான் மச்சாள் என்ற அந்த மூச்சு அவள் காதுக்குள் வந்து இருந்துவிட்டது.

மெலனி வந்த பிறகு வீடு வேறு வீடாயிற்று. காலையில் ரயிலுக்கு ஓடும் அவசரத்திலும் யோசெப்பின் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவாள். அருமைராசா அவளிடம் பிரெஞ்சுச் சொல் கற்று, பிழையாகச் சொல்லி, திட்டு வாங்கிச் சந்தோஷப்படுவார். சந்தையில் மிஞ்சும் ஸ்ரோபெரியை யோசெப்பின் பையில் ஒளித்துக்கொண்டு வருவாள். பிள்ளை தகப்பனைப் பற்றியும் பேசாது, தாயைப் பற்றியும் பேசாது. செபத்துக்கு மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டது. யோசெப்பின் அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டது. பிறகு யோசெப்பின் தனியாகவே இரண்டு பாதியையும் சொல்லப் பழகினாள்.

வழக்குக்கு முன்னால், 2006 வசந்தத்தில், அந்த அதிகாரி மறுபடி வந்தார். மொழிபெயர்க்கப் புஷ்பராணி என்ற பெண்ணையும் கூட்டிவந்தார். மட்டக்களப்புக்காரி, நீதிமன்றத்தில் வேலை செய்பவள். அருமைராசா கோப்பி போட்டார். மெலனியை மேலே ரீவி பார்க்க அனுப்பினாள் யோசெப்பின்.

"அக்கா, இவர் ஒளிக்காமல் சொல்லுறார்," என்றாள் புஷ்பராணி. "டெனிஸ்டன் கொலையில கூட்டாளி. தண்டனை குறைய வேணும் எண்டு கதைக்கிற ஆள். அவன்ட சொல்லை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லுறது ஆபத்து எண்டு நீதிபதியே, முடிவெடுக்கிற யூரிமாருக்குச் சொல்லுவார். வேற ஒரு ஆதாரம் வேணும். அது இல்லை. இருக்கிறதெல்லாம் நீங்கள் அண்டைக்குச் சொன்ன வார்த்தை. அது சஜிதாவுக்குச் சாதகம். அவவின்ர வழக்கறிஞர் உங்களைத்தான் கூப்பிடப் போறார்."

யோசெப்பின் கோப்பைப் பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவர் கேக்கிறார், அண்டைக்குச் சஜிதாவின்ர குரலை வடிவாக் கேட்டீங்களோ? போனை மேசையில வைச்சிட்டுப் போயிருக்க ஏலாதோ?"

"பின்பாதி வந்ததுதானே."

"சொன்னது ஆர்?"

யோசெப்பின் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "ஒரு கதைக்குக் கேக்கிறன். அந்த வீட்டில வேற ஆரும் சொல்லியிருந்தா நீங்கள் என்ன செய்வீங்கள்?"

புஷ்பராணி அதைப் பிரெஞ்சில் சொன்னாள். அதிகாரி கதிரையில் நிமிர்ந்தார். அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"அப்பிடியெண்டா பிள்ளையைத்தான் கேக்கவேணும் எண்டு சொல்லுறார். மனம் நோகாமல் கேப்பினமாம். தாயைப் பாக்காமல் வேற அறையில இருந்து கமராவுக்கு முன்னால சொல்லலாமாம். ஆனா சொல்லத்தான் வேணும்."

யோசெப்பின் கண்ணுக்கு முன்னால் அந்த அறை வந்தது. பின்னல் இரண்டும் தோளில் தொங்க, கால் இரண்டையும் ஒட்டி வைத்தபடி, பிள்ளை கதிரையில் இருக்கிறது. அம்மா உன்னைச் செபம் சொல்லச் சொல்லிவிட்டு எங்கே போனவ என்று கேட்கிறார்கள். பிள்ளை சொல்கிறது. சொன்ன அன்றே பிள்ளைக்குத் தெரிந்துவிடும், தான் மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்த நேரத்தில் தன் தாய் கீழே என்ன செய்துகொண்டு நின்றாள் என்று. தன் குரலைத் தாய் எதற்கு எடுத்தாள் என்று. தன் வாயாலேயே தாயைச் சிறைக்கு அனுப்பினாள் என்று சாகும்வரைக்கும் தெரிந்துகொண்டு இருக்க வேண்டும்.

"இல்லை," என்றாள் யோசெப்பின். "சஜிதாதான் சொன்னவ."

பிள்ளையைக் கேட்பதற்கு இனிக் காரணம் இல்லை என்று அதிகாரி கொப்பியை மூடினார். அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது மெலனி படியின் நடுவில் இருந்தாள். மேலே ரீவி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பிள்ளை இதில இருக்கிறாய் என்றதற்கு ஒன்றுமில்லை என்று எழுந்து போனாள்.

உள்ளதைச் சொன்னால் என்ன என்று யோசெப்பின் யோசிக்காமலில்லை. சந்தையில் கீரை அடுக்கும்போது யோசித்தாள், ரயிலில் வரும்போது யோசித்தாள். உள்ளதைச் சொன்னால் தம்பிக்கு நியாயம் கிடைக்கும். சஜிதா சிறைக்குப் போவாள். மெலனி ரொக்ஸ்பரோவிலேயே, இந்த வீட்டிலேயே வளருவாள். யோசெப்பின் கேட்டு வாங்காத பிள்ளைவரம் கையிலேயே நின்றுவிடும். பொய் சொன்னால் எல்லாம் போகும். அவள் ஆசைப்பட்டதெல்லாம் ஒரு தட்டில், அந்தப் பிள்ளையின் நித்திரை மறு தட்டில். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிசன் உண்மையைச் சொல்லச் சொல்லும். பிறகு அதன் முகத்தில் விழிக்க ஏலாது.

வழக்குத் தொடங்கியபோது, சாட்சி சொல்ல வேண்டியவள் என்பதால் அவளை மன்றுக்குள் விடவில்லை. அருமைராசா லீவு போட்டுப் போய் இருந்துவிட்டு வந்து சொல்வார்.

"டெனிஸ்டன் நல்ல சூட் ஒண்டு போட்டிருக்கிறான். தலையைக் குனிஞ்சபடி எல்லாம் சொல்லுறான். கிறகரி விழேக்குள்ள ஒருக்கால் அக்கா எண்டு கூப்பிட்டவனாம்."

யோசெப்பின் உலையை இறக்கி வைத்தாள். "என்னையோ கூப்பிட்டவன்?"

"உம்மைத்தான். வேற ஆரைக் கூப்பிடுவான்?"

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளடா என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே சொன்னாள்.

பழைய நகரத்துப் பக்கத்திலுள்ள அந்தப் பெரிய நீதிமன்றக் கட்டடத்தில், அவள் முறை வந்தபோது, வேதாகமத்தில் கைவைத்தாள். சஜிதாவின் வழக்கறிஞர் வயதான மனிதர், இனிமையாகக் கேட்டார். பிறகு அரச தரப்புப் பெண் வழக்கறிஞர் எழுந்தாள். முன்பாதி பின்பாதி என்பதை அவள் விளங்கிக்கொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. யூரிமாரில் ஒரு வெள்ளைமுடிக் கிழவி இருந்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வானொலியில் செபமாலை கேட்டு இந்த ஊர்க் கத்தோலிக்க வீடுகளெல்லாம் முழந்தாளில் நின்ற தலைமுறை அவள். யோசெப்பின் சொல்லச் சொல்ல, ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"முதலிலிருந்து கடைசிவரை பதில் சொன்னது சஜிதாவின் குரலா?"

"ஓம்."

"உங்கள் தம்பியைக் கொன்றவரைக் காப்பாற்ற உங்களுக்கு என்ன தேவை என்று யூரிமார் யோசிப்பார்கள்."

"எனக்கு ஒரு தேவையும் இல்லை," என்றாள் யோசெப்பின். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அந்த அழுகை உண்மையான அழுகை. வெள்ளைமுடிக் கிழவி கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்தாள். குற்றம் சாட்டப்பட்டவரை இருத்தும் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த சஜிதா மட்டும் தலையைத் தூக்கவில்லை.

குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தது. செத்தவனின் சொந்த அக்காவே சொன்னபிறகு ஒரு கொலைகாரனின் சொல்லை யார் நம்புவார்கள்?

சஜிதா பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அன்று மெலனியின் உடுப்பெல்லாம் யோசெப்பின் கழுவி மடித்து வைத்திருந்தாள். இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள்.

"மச்சாள்," என்றாள் சஜிதா.

"உமக்காக இல்லை."

"தெரியும், மச்சாள்."

"இனி என்னை அப்பிடிக் கூப்பிடாதையும்."

மெலனி சப்பாத்துப் போட வெகுநேரம் எடுத்தாள். வார் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். எழும்பி மாமியைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் போலிருந்தது. யோசெப்பின் அவளைக் கட்டியணைத்து, அழுகையை அடக்கத் தெரியாமல், போயிட்டு வா ராசாத்தி என்று அவசரமாகச் சொல்லிவிட்டாள். அந்தக் கோடையில் சஜிதா ரொறன்ரோவுக்குக் குடிபோனாள்.

யோசெப்பின் அதன்பிறகு நற்கருணை வாங்கவில்லை. ஞாயிறு பூசையில் எல்லாரும் வரிசையில் போக, அவள் மர வாங்கிலேயே இருப்பாள். பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவில்லை, போனால் குருவானவர் உண்மையைப் போய்ச் சொல் என்பார், அது அவளால் ஏலாது. தீர்ப்பு வந்த கோபம், ஆண்டவரோடு கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். ஒரு விதத்தில் அவள் திருப்தியாகவும் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பியை இழந்து, பிள்ளையை இழந்து, ஆண்டவருக்கு முன்னால் போகும் முகத்தையும் இழந்தாலும், அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாமல் வளர்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்து ரயிலுக்குப் போனாள்.

ஒக்ரோபர் வந்தது. ஒரு பின்னேரம் போன் அடித்தது.

"மாமி, செபம் சொல்லுவமா?"

எந்த வாயால் செபம் சொல்வது என்று யோசெப்பின் ஒரு கணம் தயங்கினாள். பிள்ளை கேட்கிறதே. மெழுகுதிரி கொளுத்திக்கூட இல்லை. அப்படியே முழந்தாளில் இருந்து தொடங்கினாள். பின்பாதி வந்தது. தொண்டைக்குள் கரகரக்கும் அதே ரகரம், குரல் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. முதல் பத்து மணி முடிந்தது. இரண்டாவதில் ஒரு முன்பாதிக்குப் பதில் வரவில்லை.

"மாமி. அம்மா கீழ உடுப்புத் தோய்க்கப் போயிட்டா."

"சரி பிள்ளை."

"அண்டைக்கு நான்தானே சொன்னனான்."

"எண்டைக்கு?" தெரியாதவள் மாதிரிக் கேட்டாள்.

"அப்பா செத்த அண்டைக்கு. முழுக்க நான்தானே சொன்னனான். நீங்கள் கெட்டிக்காரி எண்டுகூடச் சொன்னீங்கள்."

யோசெப்பின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பொலிஸ் உங்கட வீட்டை வந்த அண்டைக்கு நான் படியில இருந்தனான். என்னைக் கூப்பிடுவினம் எண்டு இருந்தனான். என்ன சொல்லுறதெண்டு பிரெஞ்சில எல்லாம் பாடமாக்கி வைச்சிருந்தனான். ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை, மாமி."

"நீ சின்னப்பிள்ளையடி. உன்னைக் கொண்டுபோய் அந்த இடத்தில இருத்தக் கூடாதெண்டுதான்…"

"அப்பாவுக்காக இருந்திருப்பன்."

யோசெப்பின் திருஇருதயப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெலனி சின்னக் குரலில், "இப்ப இஞ்ச எனக்கு இரவில நித்திரை வாறேல்லை, மாமி," என்றாள்.

தூரத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் மெலனியின் குரல் உயர்ந்தது. அர்ச்சிஷ்ட மரியாயே என்று, விட்ட இடத்திலிருந்து, சத்தமாக, ஒழுங்காக, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்று சொல்லி முடித்தாள். முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

அடுத்த முன்பாதியை யோசெப்பின்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அங்கே என்ன கதை நடந்தது என்று சஜிதாவிடமிருந்து கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளை தனியே நின்று பதில் சொல்ல வேண்டிவரும். யோசெப்பின் கண்ணை மூடிக்கொண்டு, அருள் நிறைந்த மரியாயே என்று தொடங்கினாள். பின்பாதி இரண்டு குரலில் வந்தது.